ஸ்விட்ச்சில் போர்ட் மானிட்டரிங் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

"நெட்வொர்க் ஸ்லோவா இருக்கு" என்று கணக்குப் பிரிவிலிருந்து புகார் வரும். சர்வர் பார்ப்பவர் "சர்வர்ல ஒண்ணும் இல்லை, நெட்வொர்க்கைப் பாருங்க" என்பார். ஸ்விட்ச்சைப் பார்த்தால் போர்ட் விளக்கு பச்சையாக எரிகிறது, பிழை எண்ணிக்கை பூஜ்ஜியம். இந்த இழுபறியைத் தீர்க்கப் பாக்கெட்டையே, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளையே, பார்க்க வேண்டும். அதற்கு ஸ்விட்ச்சிலேயே இருக்கும் வசதிதான் போர்ட் மானிட்டரிங். போர்ட் மிரரிங் என்றும் சொல்வார்கள், சிஸ்கோ ஆட்கள் ஸ்பேன் என்பார்கள்.

கட்டளைகள் மொத்தம் நான்கே வரிதான். அவற்றை அடிப்பதில் யாரும் தடுமாறுவதில்லை. தவறான போர்ட்டைப் பிடிப்பதிலும், வந்த நகல் முழுமையானதா என்று சோதிக்காமலேயே தீர்ப்புச் சொல்வதிலும்தான் வேலை கெடுகிறது. அதனால் கட்டளைகளைவிட முன்னேற்பாட்டுக்கும் சோதனைக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வயர்ஷார்க்கை மட்டும் போட்டால் ஏன் போதாது

பழைய ஹப்பில் ஒரு போர்ட்டில் வந்த சிக்னல் எல்லாப் போர்ட்டுக்கும் போகும். ஸ்விட்ச் அப்படிச் செய்வதில்லை. எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் ஃபிரேமை (கம்பியில் போகும் வடிவிலான பாக்கெட்டை) அனுப்பும். எனவே வேறொரு போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகி, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கைத் திறந்தால் ஏஆர்பி, டிஹெச்சிபி போன்ற, எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட்டும் கொஞ்சம் மல்டிகாஸ்ட்டும்தான் தெரியும். உங்களுக்கு வேண்டிய உரையாடல் கண்ணில் படாது. லேப்டாப்பில் ப்ராமிஸ்க்யுவஸ் மோடை (தனக்கு வராத ஃபிரேமையும் கார்டு ஏற்கும் நிலை) ஆன் செய்தாலும் பயனில்லை, ஸ்விட்ச் அனுப்பாத ஃபிரேமை கார்டு எங்கிருந்து எடுக்கும்? "5-ஆம் போர்ட்டில் போவதையும் வருவதையும் 24-ஆம் போர்ட்டுக்கும் ஒரு நகல் அனுப்பு" என்று ஸ்விட்ச்சிடம் சொல்வதுதான் மானிட்டரிங்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே அமைப்பை வைத்துக்கொள்வோம். ஸ்விட்ச் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ். கணக்குப் பிரிவுக் கணினி 5-ஆம் போர்ட்டில், ஐபி 192.168.10.50. சர்வர் 10-ஆம் போர்ட்டில், ஐபி 192.168.10.20. இரண்டும் விலான் 10 (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த ஒரு தனி நெட்வொர்க்). நம் லேப்டாப் 24-ஆம் போர்ட்டில்.

கை வைக்கும் முன்

முதலில் அனுமதி. மானிட்டரிங் போட்டால் அந்தப் போர்ட்டில் உள்ளவர் அனுப்பும் எல்லாமே உங்கள் கைக்கு வருகிறது. ஹெச்டிடிபிஎஸ் உள்ளடக்கம் பூட்டியிருக்கும், ஆனால் மறையாக்கம் செய்யாத டிஎன்எஸ் கேள்விகள், எஃப்டிபி, டெல்நெட் கடவுச்சொற்கள் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். பூட்டப்படாத ஐபி ஃபோன் அழைப்பை வயர்ஷார்க்கிலேயே ஓடவிட்டுக் கேட்கலாம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவு, பொறுப்பாளரின் அனுமதியின்றி நெட்வொர்க்கிலிருந்து தரவை நகலெடுப்பதை இழப்பீட்டுக்குரிய செயலாகவே வைத்திருக்கிறது. எந்தப் போர்ட், எத்தனை நாள், எதற்காக என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த நிறுவனமாகவே இருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்து, ஏற்கெனவே ஏதாவது மானிட்டர் செஷன் (ஒரு நகலெடுப்பு அமைப்பு) ஓடுகிறதா என்று பாருங்கள்:

ஷோ மானிட்டர் செஷன் ஆல்

(கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன், திரையில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) பெரிய நிறுவனங்களில் பாதுகாப்புக் குழு தங்கள் ஊடுருவல் கண்டறியும் கருவிக்காக செஷன் 1-ஐ நிரந்தரமாக வைத்திருப்பது சகஜம். அதைக் கவனிக்காமல் இணையத்தில் பார்த்தபடி "நோ மானிட்டர் செஷன் 1" என்று அடித்தால் அவர்களுடைய கண்காணிப்பு சத்தமில்லாமல் நின்றுவிடும். செஷன் 1 பிடிபட்டிருந்தால் 2-ஐ எடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை செஷன் ஓடலாம் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், சிறிய ஸ்விட்ச்களில் ஒன்றோ இரண்டோதான்.

மூன்றாவது, இலக்குப் போர்ட்டைத் தேர்வது. நகல் போய்ச் சேரும் போர்ட் அந்த நிமிடத்திலிருந்து சாதாரணப் போர்ட்டாக இருக்காது. ஸ்பேனிங் ட்ரீயில் (ஸ்விட்ச்களுக்கிடையே சுழல் வராமல் தடுக்கும் முறை) சேராது, மேக் முகவரி கற்காது, உள்ளே வரும் ட்ராஃபிக்கை ஏற்காது. அப்லிங்க்கையோ (அடுத்த ஸ்விட்ச்சோடு இணைக்கும் போர்ட்), நீங்கள் எஸ்எஸ்ஹெச் வழியாக ஸ்விட்ச்சுக்குள் வந்திருக்கும் போர்ட்டையோ இலக்காக்கினால் அந்த நொடியே தொடர்பு அறுந்துவிடும். போர்ட் எண்ணைக் கேபிளோடு ஒப்பிட்டு ஒருமுறை பார்த்துவிட்டு அடியுங்கள். தொலைவிலிருந்து வேலை செய்தால் "ரீலோட் இன் 10" என்று முதலிலேயே அடித்து வைப்பது நல்லது. தொடர்பு போனாலும் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் பழைய கான்ஃபிக்கோடு எழுந்துவிடும். அமைப்பு சரியாக வந்ததும் "ரீலோட் கேன்சல்" அடிக்க மறக்காதீர்கள்.

நான்காவது கொள்ளளவு. 1 ஜிகாபிட் போர்ட் ஒரே நேரத்தில் 1 ஜிகாபிட் அனுப்பவும் 1 ஜிகாபிட் வாங்கவும் முடியும். இரண்டு திசையையும் நகலெடுத்தால் உச்சத்தில் 2 ஜிகாபிட். இலக்குப் போர்ட் வெளியே அனுப்பக்கூடியது 1 ஜிகாபிட்தான். மிஞ்சும் நகல்களை ஸ்விட்ச் கொட்டிவிடும். அசல் ட்ராஃபிக்குக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் பதிவில்தான் ஓட்டை விழும். கணக்குப் பிரிவுக் கணினி போன்ற ஒரே பயனாளரின் போர்ட் என்றால் கவலையில்லை. பேக்கப் ஓடும் சர்வர் போர்ட் என்றால் ஒரு திசையை மட்டும் எடுங்கள், அல்லது 10 ஜிகாபிட் இலக்குப் போர்ட் வையுங்கள்.

எந்தப் போர்ட்டைப் பிடிப்பது

எல்லாவற்றையும் பிடித்து வைத்தால் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று முழு விலானையும் மூலமாக, அதாவது நகலெடுக்க வேண்டிய இடமாக, கொடுப்பவர்கள் உண்டு. நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கேள்வி ஒன்று, அதற்கு ஒரே ஒரு போர்ட் போதும். "இந்தக் கணினிக்கு ஏன் தாமதம்" என்பது கேள்வியானால் அந்தக் கணினியின் போர்ட். "சர்வரை எல்லோருக்குமே மெதுவாக உணர்கிறார்கள்" என்றால் சர்வர் போர்ட். இன்டர்நெட் லைனை யார் விழுங்குகிறார்கள் என்று பார்க்க, ஃபயர்வாலுக்குப் போகும் போர்ட். மூலம் குறுகக் குறுக நகல் இழப்பு குறையும், பிறருடைய தரவும் தேவையில்லாமல் உங்கள் வட்டில் ஏறாது.

லேப்டாப்பைத் தயார் செய்தல்

மானிட்டர் போர்ட்டில் சொருகும் கார்டுக்கு ஐபி முகவரியே தேவையில்லை. விண்டோஸில் அந்த அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். லேப்டாப் தானாக அனுப்பும் டிஹெச்சிபி, டிஎன்எஸ் குப்பை பதிவில் கலக்காது. இலக்குப் போர்ட் உள்ளே எதையும் வாங்காது என்பதால் அந்தக் கேபிள் வழியாக இன்டர்நெட்டோ ரிமோட் டெஸ்க்டாப்போ வராது. வேண்டுமானால் வைஃபை அல்லது இரண்டாவது யுஎஸ்பி கார்டைப் பயன்படுத்துங்கள்.

லினக்ஸில் இன்னொன்று. கார்டு பல சிறு பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டி மேலே கொடுக்கும் வழக்கம் உண்டு. அதனால் 1514 பைட்டுக்கு மேல் பெரிய பெரிய ஃபிரேம்கள் தெரியும், கம்பியில் அப்படி எதுவும் போயிருக்காது. ஈத்டூல் கட்டளையால் இப்படி ஒட்டும் வசதிகளான ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் அந்தக் கார்டில் ஆஃப் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான்கு வரிகள்

கான்ஃபிகர் டெர்மினல்
மானிட்டர் செஷன் 1 சோர்ஸ் இன்டர்ஃபேஸ் ஜிஐ1/0/5 போத்
மானிட்டர் செஷன் 1 டெஸ்டினேஷன் இன்டர்ஃபேஸ் ஜிஐ1/0/24
எண்ட்

"போத்" என்பது இரு திசையும். "ஆர்எக்ஸ்" என்று கொடுத்தால் போர்ட்டுக்குள் வருவது மட்டும், அதாவது கணினி அனுப்புவது. "டிஎக்ஸ்" என்றால் போர்ட்டிலிருந்து வெளியே போவது, கணினி பெறுவது. திசையை எப்போதும் ஸ்விட்ச்சின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கணினியின் பக்கத்திலிருந்து பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

"ஷோ மானிட்டர் செஷன் 1" அடித்தால் மூலம், திசை, இலக்கு மூன்றும் வரும். "ஷோ இன்டர்ஃபேஸஸ் ஜிஐ1/0/24" அடித்தால் லைன் ப்ரோட்டோகால் டவுன் என்றும் பக்கத்தில் மானிட்டரிங் என்றும் காட்டும். போர்ட் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், இலக்குப் போர்ட் அப்படித்தான் காட்ட வேண்டும்.

நகல் முழுமையானதா? இதைச் செய்யாமல் முன்னே போகாதீர்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் வயர்ஷார்க்கில் பாக்கெட் ஓடுவதைக் காட்டியதும் முடித்துக்கொள்கின்றன. பாக்கெட் ஓடுகிறது என்பதால் எல்லாப் பாக்கெட்டும் வருகிறது என்று ஆகாது. ஒரு நிமிடச் சோதனை போதும்.

லேப்டாப்பில் பதிவைத் தொடங்குங்கள். கணக்குப் பிரிவுக் கணினியிலிருந்து சர்வருக்கு, 777 பைட் அளவில் 20 பிங் அனுப்பச் சொல்லுங்கள்:

பிங் -என் 20 -எல் 777 192.168.10.20

777 என்ற எண்ணுக்கு மகத்துவம் ஒன்றும் இல்லை, வேறு யாரும் அந்த அளவில் பிங் அடிக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். 777 பைட் தரவு, 8 பைட் ஐசிஎம்பி தலைப்பு, 20 பைட் ஐபி தலைப்பு, 14 பைட் ஈதர்நெட் தலைப்பு: மொத்தம் 819. வயர்ஷார்க்கின் நீளப் பத்தியில் 819 என்று வரிசையாகத் தெரிய வேண்டும். 20 கேள்வி, 20 பதில், ஆக 40 வரி.

40 இருந்தால் நகல் சரி. 20 மட்டும் இருந்தால், அதுவும் கேள்வி மட்டுமோ பதில் மட்டுமோ இருந்தால், திசையை ஒன்றாகக் கொடுத்திருக்கிறீர்கள். 80 இருந்தால் ஒவ்வொன்றும் இரண்டு முறை வருகிறது, அதைப் பின்னால் பார்ப்போம். ஒன்றுமே இல்லையென்றால் போர்ட் எண் தவறு, அல்லது அந்தக் கணினி இடையில் ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாக வேறு போர்ட்டுக்கு வருகிறது. "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்" அடித்து அந்தக் கணினியின் மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கணினியில் 20 பதிலும் வந்து, உங்கள் பதிவில் 37 போலக் குறைவாக இருந்தால் நகல் வழியில் விழுகிறது. இலக்குப் போர்ட்டின் "டோட்டல் அவுட்புட் டிராப்ஸ்" ஏறுகிறதா என்று பார்த்து, மூலத்தைக் குறுக்குங்கள். அங்கே ஏறவில்லை என்றால் லேப்டாப்பின் வேகம் போதவில்லை.

சர்வர் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருந்தால் அதே விலானில் உள்ள பிரிண்டருக்கு அனுப்பியும் சோதிக்கலாம்.

பதிவு செய்தல்

புகார் எப்போது வரும் என்று தெரியாது, காலையிலிருந்து மாலைவரை ஓடவிட வேண்டியிருக்கும். 1 ஜிகாபிட் நிரம்பி ஓடினால் வினாடிக்கு 125 எம்பி, ஒரு நிமிடத்துக்கு 7.5 ஜிபி. வயர்ஷார்க் சாளரத்தைத் திறந்து வைத்தபடி மணிக்கணக்கில் ஓட்டினால் நினைவகம் தீர்ந்து அது விழுந்துவிடும். வயர்ஷார்க்கோடு சேர்ந்தே வரும், பதிவை மட்டும் செய்யும் டம்ப்கேப்பைப் பயன்படுத்துங்கள். கோப்பு ஒன்றுக்கு 100 எம்பி, மொத்தம் 50 கோப்பு என்று வளையமாக எழுதச் சொன்னால் 5 ஜிபிக்கு மேல் போகாது, பழையது அழிந்து புதியது ஏறும். புகார் வந்த நேரத்தைக் கடிகாரத்தோடு குறித்துக்கொண்டு அந்த நேரக் கோப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். அதனால் லேப்டாப், சர்வர், ஸ்விட்ச் மூன்றின் நேரமும் என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) வழியாக ஒத்திருக்க வேண்டும்.

உள்ளடக்கம் தேவையில்லை, நேரமும் வரிசையும்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 128 பைட்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள். வட்டும் மிஞ்சும், அடுத்தவர் விவரமும் பெரும்பாலும் கோப்பில் ஏறாது.

இப்போது அந்தப் புகாரைப் பார்ப்போம்

கணினியின் போர்ட்டில் பிடித்திருக்கிறோம். கணினி சர்வருக்கு சின் (இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்) அனுப்புகிறது. சின்-ஆக் பதில் 1 மில்லி செகண்டுக்குள் திரும்பி வந்தால், போய்வரும் பாதை அந்த நேரத்தில் நன்றாகவே இருக்கிறது. அடுத்து கணினி ஒரு வினவலை அனுப்புகிறது. சர்வரிடமிருந்து ஆக் (கிடைத்தது என்ற ஒப்புகை) உடனே வருகிறது. அதாவது வினவல் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் தரவு 4 வினாடி கழித்துத்தான் வருகிறது என்று வையுங்கள். அந்த 4 வினாடியும் சர்வருக்குள், டேட்டாபேஸிலோ அப்ளிகேஷனிலோ கழிந்திருக்கிறது. இந்த ஒரு திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அனுப்பினால் "நெட்வொர்க்கைப் பாருங்க" என்ற பேச்சு அங்கேயே நிற்கும்.

மாறாக, வினவலுக்கு ஆக்கே வராமல் கணினி அதே தரவைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் வழியில் ஏதோ விழுகிறது. வயர்ஷார்க்கில் "டிசிபி.அனாலிசிஸ்.ரீட்ரான்ஸ்மிஷன்" என்று வடிகட்டிப் பாருங்கள். கணினியே ஜீரோ விண்டோ (இப்போதைக்கு இடமில்லை என்ற அறிவிப்பு) அனுப்பினால் அது தனக்கு வந்த தரவை எடுத்துக் கையாள முடியாமல் திணறுகிறது, பழி சர்வர் மேலும் இல்லை, கம்பி மேலும் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ஆக்ட் அன்சீன் செக்மென்ட்" என்று வயர்ஷார்க் சொன்னால், எதிர்ப்பக்கம் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்ட தரவு உங்கள் பதிவில் இல்லை என்று பொருள். தரவு நெட்வொர்க்கில் தொலையவில்லை, உங்கள் நகலில்தான் தொலைந்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு "பாக்கெட் லாஸ் இருக்கிறது" என்று அறிக்கை எழுதினால் அது பொய் அறிக்கை.

இரட்டை நகல்

கணினி போர்ட், சர்வர் போர்ட் இரண்டையும் மூலமாகக் கொடுத்து இரண்டுக்கும் போத் போட்டால், ஒரே பாக்கெட் 5-இல் உள்ளே வரும்போது ஒருமுறையும் 10-இல் வெளியே போகும்போது ஒருமுறையும் நகலாகும். விலானை மூலமாக வைத்துப் போத் கொடுத்தாலும் இதே கதை. வயர்ஷார்க் இதை ரீட்ரான்ஸ்மிஷன் என்று கறுப்பாகக் காட்டி உங்களைத் திசைதிருப்பும். வேறுபடுத்துவது எளிது: இரட்டை நகலில் ஐபி தலைப்பின் ஐடென்டிஃபிகேஷன் எண் ஒன்றாகவே இருக்கும், இடைவெளி மைக்ரோ செகண்டுகளில் இருக்கும். உண்மையான மறு அனுப்பலில் அந்த எண் பொதுவாக மாறியிருக்கும், இடைவெளியும் பெரிது.

தீர்வு, பல போர்ட் கொடுக்கும்போது ஆர்எக்ஸ் மட்டும் கொடுப்பது. ஏற்கெனவே பிடித்த கோப்பு என்றால் எடிட்கேப் கருவியின் -டி விருப்பம் இரட்டைகளை நீக்கும். விலான் மாறி ரூட்டாகி வந்த நகலை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது, மேக் முகவரியும் டிடிஎல் எண்ணும் மாறியிருக்குமே.

ட்ரங்க் போர்ட்டும் விலான் டேக்கும்

ட்ரங்க்கை, அதாவது பல விலான்களை ஒரே கம்பியில் சுமக்கும் போர்ட்டை, பிடித்தால் எல்லா விலானும் கொட்டும். "மானிட்டர் செஷன் 1 ஃபில்டர் விலான் 10" என்று ஒரு வரி சேர்த்தால் வேண்டியது மட்டும் வரும். இயல்பாக கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் டேக்கை (ஃபிரேம் எந்த விலானைச் சேர்ந்தது என்ற குறி) உரித்துவிட்டுத்தான் நகலை அனுப்பும். டேக் வேண்டுமென்றால், ஸ்பேனிங் ட்ரீ, சிடிபி போன்ற கட்டுப்பாட்டு ஃபிரேம்களும் வேண்டுமென்றால், டெஸ்டினேஷன் வரியின் முடிவில் "என்கேப்சுலேஷன் ரெப்ளிகேட்" சேருங்கள்.

டேக்கோடு வரும் பதிவில் "ஹோஸ்ட் 192.168.10.50" என்ற கேப்ச்சர் ஃபில்டர் எதையும் பிடிக்காமல் போகலாம். "விலான் அண்ட் ஹோஸ்ட் 192.168.10.50" என்று கொடுங்கள். விண்டோஸில் டேக்கே தெரியவில்லை என்றால் கார்டின் டிரைவர் அதை உரித்திருக்கும், லினக்ஸ் லேப்டாப் எடுப்பது சுலபமான வழி.

இலக்கு வேறு ஸ்விட்ச்சில் இருந்தால்

மூன்றாவது மாடி ஸ்விட்ச்சின் போர்ட்டைத் தரைத்தள சர்வர் அறையிலிருந்து பார்க்க ஆர்ஸ்பேன் (தொலை ஸ்பேன்) உதவும். இதற்கென்றே தனி விலான் ஒன்றை, உதாரணமாக 900-ஐ, உருவாக்கி அதற்குள் "ரிமோட்-ஸ்பேன்" என்று அடியுங்கள். இதை வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் செய்து, ட்ரங்க்குகளில் அனுமதிக்க வேண்டும். மேல் ஸ்விட்ச்சில் டெஸ்டினேஷனாக "ரிமோட் விலான் 900", கீழ் ஸ்விட்ச்சில் சோர்ஸாக அதே "ரிமோட் விலான் 900", டெஸ்டினேஷனாக உள்ளூர் போர்ட். அந்த விலானில் வேறு எந்தச் சாதனத்தையும் வைக்காதீர்கள். நகல் முழுவதும் அப்லிங்க்கில் அசல் ட்ராஃபிக்கோடு சேர்ந்து போகும், ஏற்கெனவே திணறும் அப்லிங்க்கில் இதைப் போட்டால் நோயை நீங்களே கூட்டுகிறீர்கள்.

ரூட்டர் தாண்டிப் போக வேண்டுமானால் இஆர்ஸ்பேன். அது நகலை ஜிஆர்இ உறைக்குள் வைத்து ஐபி வழியாக அனுப்பும். கேட்டலிஸ்ட் 9300, நெக்ஸஸ் போன்ற பெரிய மாடல்களில் உண்டு.

மற்ற நிறுவன ஸ்விட்ச்கள்

அருபாவின் பழைய ப்ரோகர்வ் வகையில் "மிரர் 1 போர்ட் 24", பிறகு "இன்டர்ஃபேஸ் 5 மானிட்டர் ஆல் போத் மிரர் 1". புதிய சிஎக்ஸ் வகையில் "மிரர் செஷன் 1" உள்ளே போய் சோர்ஸ், டெஸ்டினேஷன் கொடுத்துக் கடைசியில் "எனேபிள்" அடிக்க வேண்டும், அதை விட்டால் எதுவும் ஓடாது. ஜூனிபர் இஎக்ஸில் இதன் பெயர் அனலைசர், இன்கிரஸ், எகிரஸ் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்து கமிட் செய்ய வேண்டும்.

கட்டளை வரியே இல்லாத சின்ன ஸ்விட்ச்களில் வெப் பக்கத்தின் மானிட்டரிங் மெனுவுக்குள் போர்ட் மிரர் இருக்கும். டிபி-லிங்க்கின் டிஎல்-எஸ்ஜி108இ போன்ற 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பது நல்ல வழக்கம். மேனேஜ் செய்ய முடியாத ஸ்விட்ச் உள்ள இடத்தில், சிக்கலான கணினிக்கும் சுவருக்கும் நடுவே இதைச் சொருகி மிரர் போட்டுவிடலாம்.

மிரர் காட்டாதவை

சிஆர்சி பிழையுள்ள (வழியில் சிதைந்துபோன) ஃபிரேமை ஸ்விட்ச் உள்ளே நுழையும்போதே தூக்கி எறிந்துவிடும், நகலில் அது வராது. எனவே பழுதான கேபிளை மிரரில் தேடாதீர்கள், போர்ட்டின் பிழை எண்ணிக்கையில் தேடுங்கள். நகலெடுப்பதில் நேரம் சற்று முன்பின்னாகும் என்பதால் மைக்ரோ செகண்ட் கணக்குக்கும் இது ஆகாது. அந்தத் துல்லியம் தேவைப்படும் இடத்தில் கம்பியின் நடுவே, ஓடுவதை நகலெடுக்கும் டேப் கருவிதான் வைக்க வேண்டும்.

கழற்றுதல்

வேலை முடிந்ததும் "நோ மானிட்டர் செஷன் 1" (உங்கள் செஷன் எண் எதுவோ அது). "நோ மானிட்டர் செஷன் ஆல்" வேண்டாம், மற்றவர்களுடையதும் போய்விடும். இடையில் யாரும் கான்ஃபிக்கைச் சேமித்திருக்கவில்லையா என்று "ஷோ ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்" பாருங்கள், சேமித்திருந்தால் நீக்கிய பின் மறுபடி சேமியுங்கள். 24-ஆம் போர்ட் பழைய விலானுக்குத் திரும்பியதா என்று "ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்" சொல்லும், மானிட்டரிங் என்ற சொல் அங்கே இருக்கக் கூடாது. லேப்டாப்பில் எடுத்த ஐபி டிக்குகளைத் திரும்பப் போடுங்கள். அறிக்கைக்குத் தேவையான கோப்பு ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டு மீதிப் பதிவுகளை அழித்துவிடுங்கள், அனுமதி கொடுத்தவருக்கும் அழித்த தகவலை எழுதி அனுப்புங்கள்.